அஞ்சலை தேர்ந்தெடுத்த பெயர்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களில் இருவர் போன மாதம் என் வீட்டுக்கு வந்து ஒரு கேள்வி கேட்டீர்கள். மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் ப்ராஜெக்ட்டுக்குச் சாதி, சண்டை, கூலி என்று தலைப்புக் கொண்டுவந்தால் பக்குவமாகத் தட்டிக்கழிப்பது எப்படி என்று. அன்றைக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். வாயைத் திறந்திருந்தால் கோபம்தான் வந்திருக்கும். இப்போது நிதானமாகச் சொல்கிறேன். தட்டிக்கழிக்காதீர்கள்.

நம் வரலாற்றுத் துறையில் தட்டிக்கழிப்பதற்கென்றே சில தலைப்புகள் இருக்கின்றன. ‘ரிஷிவந்தியம் கோயில் - ஓர் ஆய்வு’ அதில் தலையாயது. நான் வேலையில் இருந்த காலம் முழுக்க அந்தக் கோயில் வருஷம் தவறாமல் ஆராயப்பட்டது. அர்த்தநாரீஸ்வரருக்கே அலுத்துப்போயிருக்கும். பழைய மாணவர் எழுதியதை டி.டி.பி. கடைக்காரர் கம்ப்யூட்டரில் வைத்திருப்பார். முதல் பக்கத்தில் பெயரை மட்டும் மாற்றி எடுத்துக்கொடுப்பார். எழுத்துப் பிழைகள்கூட வருஷா வருஷம் அப்படியே இருக்கும். வைவா அன்று வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர் தல விருட்சம் எது என்று கேட்பார், பிள்ளை ஒப்பிக்கும், எல்லாரும் போண்டா சாப்பிட்டுக் கலைவோம். கோயில் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதை ஒளிந்துகொள்ளும் இடமாக வைத்திருந்த நம் மேல்தான் குறை.

எங்கள் துறைத்தலைவர் இதில் கைதேர்ந்தவர். மனிதர் நல்லவர். அவர் பாடம் எடுத்தால் கடைசி பெஞ்சுகூடக் கொட்டாவி விடாது. வகுப்பில் நிற்க எனக்குக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். ஆனால் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. “செத்துப்போனவங்களப் பத்தி எழுதச் சொல்லும்மா. உயிரோட இருக்கறவங்க திருப்பிப் பேசுவாங்க” என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார், ஆனால் அதன்படியேதான் நடப்பார். திருப்பிப் பேசக்கூடியவர்களைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்பது என் கட்சி. அதற்காக நாங்கள் இருவரும் வருஷக்கணக்கில் மோதியிருக்கிறோம்.

செல்லக்கிளி என் அறைக்கு வந்தது அப்படியொரு மோதல் நடந்துகொண்டிருந்த நேரத்தில்தான். கல்வராயன் மலையில் கரியாலூர்ப் பக்கத்துப் பெண். கள்ளக்குறிச்சியில் விடுதியில் தங்கிப் படித்தாள். அதிகம் பேசமாட்டாள். பேசினால் சுற்றி வளைக்காமல் பேசுவாள்.

“மேடம், மூங்கில்துறைப்பட்டு தாண்டி ஒரு ஊர்ல கரும்பு வெட்டற பொம்பளைங்க தண்ணி குடிக்கமாட்டோம்னு சொன்னாங்களாம். அத எழுதட்டுமா?”

அந்தச் சங்கதி எனக்கும் காற்றுவாக்கில் தெரியும். அந்த ஊரில் காலனிப் பெண்களுக்கு வயலில் தாகம் எடுத்தால் குனிந்து இரண்டு கையையும் சேர்த்து ஏந்த வேண்டும். மேலேயிருந்து யாராவது சொம்பால் ஊற்றுவார்கள். ஒரு வெட்டுப் பருவத்தில் அந்தப் பெண்கள் இனி ஏந்தமாட்டோம் என்றார்கள். வரப்பில் இருக்கும் குடத்துக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் வையுங்கள், எல்லாரையும் போல நாங்களே மொண்டு குடித்துக்கொள்கிறோம் என்றார்கள். கேட்டது அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அவர்களுக்கு வேலை இல்லை. மலையிலிருந்து டிராக்டரில் ஆட்களை இறக்கிக் கரும்பை வெட்டி முடித்தார்கள். அடுத்த பருவத்தில் காலனியையே திரும்பக் கூப்பிட்டார்கள். அதற்குள் பிளாஸ்டிக் பாட்டில் வந்துவிட்டிருந்தது. ஆளுக்கொரு பாட்டிலில் வீட்டுத் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். டம்ளர் வைக்கவேண்டிய கட்டாயம் யாருக்கும் வரவில்லை. எங்கள் ஊரில் அந்தப் பிரச்சினையெல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது என்று ஊரார் இன்றைக்கும் சொல்வார்கள். சமூக மாற்றம் என்று நாம் வகுப்பில் முழங்குகிறோமே, அது சில ஊர்களில் இப்படித்தான் பாட்டிலில் அடைபட்டு வருகிறது.

“உனக்கெதுக்கு இந்தத் தலைப்பு?” என்று கேட்டேன்.

“அந்த டிராக்டர்ல எங்கம்மாவும் போச்சு மேடம்.”

அப்போதே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

முதல் தடவை அந்தக் காலனிக்கு அவளோடு நானும் போனேன். வேப்பமரத்தடியில் பெண்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் பேசுகிறவர் அஞ்சலை. ஐம்பதை நெருங்கும் வயது, ஒல்லி உடம்பு, வெட்டுக்கூட்டத்தில் யார் எவ்வளவு வெட்டுவது என்று கொத்து பிரித்துக் கொடுப்பவர். செல்லக்கிளியிடம் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னாள். சுற்றியிருந்தவர்களின் முகம் மாறியது.

“உங்க ஆளுங்கதான எங்க சோத்துல மண்ணப் போட்டது? இப்ப இன்னாத்துக்கு வந்துக்கினு எழுதறேன்ற?”

நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கப் பார்ப்பதற்குள் செல்லக்கிளி, “ஆமாங்க. எங்கம்மாவும் வந்துச்சு” என்றாள்.

அஞ்சலை அவள் பக்கம் திரும்பினார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

“உங்கம்மாவுக்கு எப்பிடி தண்ணி ஊத்துனாங்க?”

செல்லக்கிளிக்குத் தெரியவில்லை. எனக்கும் அந்தக் கேள்வி தோன்றியிருக்கவில்லை. நாங்கள் தயாரித்துக் கொண்டுபோன கேள்விகளில் அது இல்லை.

“போ. போயி உங்கம்மாவக் கேட்டுக்கினு வா. அப்பறம் நாங்க பேசறோம்.”

அந்த வாரமே அவள் மலையேறினாள். அம்மா லேசில் வாயைத் திறக்கவில்லையாம். சாமைக் கொல்லையில் களை எடுக்கும்போது கேட்டால் வேறு பேச்சு, அடுப்படியில் கேட்டால் புகை கண்ணைக் கரிக்கிறது என்று வெளியே போய்விடுவது. கிளம்புகிற அன்று பஸ் ஏற்றிவிட வந்த இடத்தில்தான் சொன்னாராம். “கையிலதான் ஊத்துனாங்க. மலையில எங்களுக்கு யாரும் அப்பிடி ஊத்துனதில்ல. தாகம், குடிச்சுட்டேன். உங்கப்பாகிட்டகூடச் சொல்லல.” இதை என்னிடம் சொல்லும்போது அந்தப் பெண் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, மறைக்கவில்லை. ஆராய்ச்சியில் உணர்ச்சிவசப்படக் கூடாது என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். பட்டால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

அம்மாவின் பதிலோடு போனபிறகு காலனிப் பெண்கள் பேசினார்கள். பேசிய பேச்சில் ஆய்வேடு தானாக எழுந்து நின்றது. மலைக்காரர்கள் தங்கள் வேலையைப் பறித்தார்கள் என்று காலனி இத்தனை காலம் நினைத்திருந்தது. கீழ்நாட்டுக்காரர்கள் சோம்பேறிகள், வேலையை வேண்டாம் என்றவர்கள் என்று மலையில் சொல்லி வைத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே சொம்பிலிருந்துதான் கையேந்திக் குடித்திருக்கிறது. இதை ஒரு பி.ஏ. மாணவி எழுதிக்கொண்டு வந்தாள். நான் அதைப் படித்துவிட்டு எத்தனை பெருமைப்பட்டேன் என்பதை அவளிடம்கூடச் சரியாகச் சொன்னதில்லை.

இனி வருவதுதான் உங்களுக்கு நான் சொல்ல நினைத்த விஷயம். தகவல் தந்தவர்களின் பெயரை மாற்றி எழுதுவது நம் தொழிலில் உள்ள வழக்கம். அவர்களுக்குக் கெடுதல் வரக்கூடாதே என்ற நல்லெண்ணம்தான். எந்தப் பெயர் வைப்பது என்பதை நாமே முடிவுசெய்யாமல் அவர்களிடமே கேட்டு வை என்று செல்லக்கிளியிடம் சொன்னேன். அதுதான் மரியாதை என்று எனக்குப் பட்டது. அவளும் போய்க் கேட்டாள். ஒரே சிரிப்பும் கும்மாளமுமாக இருந்ததாம். அஞ்சலை கொஞ்சமும் யோசிக்காமல் “ராஜேஸ்வரின்னு போடு” என்றார். காத்தாயி என்பவர் புவனேஸ்வரி ஆனார். முனியம்மா மகேஸ்வரி. பச்சையம்மாவும் தன் பங்குக்கு ஒன்று சொன்னார். அழகான பெயர்கள் என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

கள்ளக்குறிச்சி டி.டி.பி. கடையில் தட்டச்சு செய்தவன் அந்த ஊரைச் சேர்ந்தவன் என்று எங்களுக்குத் தெரியாது. ஊர்ப் பெயரை மறைத்துத்தான் எழுதியிருந்தோம், ஆனால் தன் ஊரை அடையாளம் தெரியாதவன் யார்? ஒரு திங்கட்கிழமை காலை முதல்வர் அறைக்கு என்னை அழைத்தார்கள். உள்ளே அந்த ஊரின் பெரிய கரும்புக்காரர், கூட இரண்டு பேர். முதல்வர் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். துறைத்தலைவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர்க் கதையை எழுதியதற்காகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து அதற்குப் பதிலைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

“ராஜேஸ்வரி எங்க வூட்டு மருமக பேருங்க. புவனேஸ்வரி எம் பொண்ணு. இன்னொண்ணு எந் தம்பி பொண்டாட்டி. எங்க வூட்டுப் பொம்பளைங்க பேர எடுத்து அதுங்களுக்கு வச்சி புக்கு போடுவீங்களா? இன்னா நெனச்சிக்கினு இருக்கீங்க?”

அஞ்சலை வேண்டுமென்றே செய்தாரா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. கேட்டால் சிரிப்பார், அவ்வளவுதான் கிடைக்கும். ஒன்றை மட்டும் பிறகு தெரிந்துகொண்டேன். அவர் பிறந்த காலத்தில் அந்த ஊர்க் காலனிக் குழந்தைக்கு ஈஸ்வரி என்று முடியும் பெயர் வைத்தால் பள்ளிக்கூடத்தில் எழுதும்போதே மாற்றிவிடுவார்களாம். பெரிய வீட்டுப் பெயர்கள் அவை.

“ஐயா, அது சும்மா வச்ச பேர். யாரையும் குறிக்காது” என்றேன்.

“சும்மா வக்கிறதா இருந்தா வேற வையுங்க. எங்க வூட்டுப் பேரு ஒண்ணுகூட அதுல இருக்கக் கூடாது. இருந்துச்சின்னா அந்த புக்கு வெளிய வராது. அந்தப் பொண்ணும் பாஸாவாது.”

அவர் போனபிறகு முதல்வர் வாயைத் திறந்தார். ஒரு வாரத்துக்குள் பெயர்களை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வைவாவுக்கு அனுமதி இல்லை. துறைத்தலைவர் என்னைத் தனியே அழைத்துப் போய், அலமாரியில் ஒரு கோயில் ஆய்வேடு சும்மா கிடக்கிறது, செல்லக்கிளி பெயரைப் போட்டு அதைக் கொடுத்துவிடலாம் என்றார். “புள்ள பாஸாகணும்லம்மா. ஒரு வருஷம் போச்சுன்னா மலையிலருந்து திரும்ப வருவாளா? நீயே சொல்லு.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் என்னை மிகவும் அறுத்தது. விடுதி இடம் போய்விடும், வீட்டில் கல்யாணப் பேச்சை எடுப்பார்கள், அந்தப் படிப்பு அதோடு நின்றுவிடும். அப்படி மலைக்குத் திரும்பிப் போய்த் திரும்ப வராத பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். ஆனாலும் அந்தக் கோயில் ஆய்வேட்டில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். பேனாவைக் கொடுத்துச் சம்பளமும் கொடுத்து உட்காரவைத்திருப்பது பொய்யில் கையெழுத்துப் போடுவதற்கு இல்லை என்றும் சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது. வராண்டாவில் போன பிள்ளைகள் நின்று பார்த்தார்கள், பார்க்கட்டும்.

மறுநாள் செல்லக்கிளியும் நானும் காலனிக்குப் பஸ் ஏறினோம். வேறு பெயர்களைக் கேட்டு வாங்கி வருவதுதான் என் திட்டம். சாதாரணமாக நாலு பெயர், சண்டை ஓய்ந்துவிடும், பிள்ளை பாஸாகிவிடும். நடந்ததையெல்லாம் அஞ்சலையிடம் சொன்னேன். அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டார்.

“அப்ப அவங்க பேரு அதுல இருக்கக் கூடாது. அவ்ளோதான?”

“ஆமாம்மா.”

“எட்த்துடு. அவங்க பேரு அவங்ககிட்டயே இருக்கட்டும். எனக்கு எங்கம்மா வச்ச பேரு இல்லையா? அஞ்சலைன்னு போடு. புருசன் பேரு, தெரு பேரு எல்லாத்தையும் சேத்துப் போடு.”

உடனே அதன் ஆபத்தைச் சொன்னேன். அச்சில் வந்துவிட்டால் மறுக்க முடியாது, வேலையை நிறுத்துவார்கள், போன தடவை மாதிரி டிராக்டர் வரும் என்று வரிசையாகச் சொன்னேன்.

“நிறுத்தித்தான் பாத்தாங்களே டீச்சரம்மா. ஒரு வருசம் நிறுத்துனாங்க. இன்னா ஆச்சி? வெட்டு தெரியாத ஆளு மேல மேலயே வெட்டுனா அடிக்கட்டையிலருந்து மறுதாம்பு ஒழுங்கா கெளம்புமா? அவங்களேதான ஆள் மேல ஆள் அனுப்பிக் கூப்ட்டாங்க? நாங்க பேசுனத நாங்க பேசுனோம்னு போட்டா உனுக்கு இன்னா கஷ்டம்?”

எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. முறை என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். காத்தாயியும் முனியம்மாவும் தங்கள் பெயரையும் அப்படியே போடச் சொன்னார்கள். பச்சையம்மா மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். அவர் வீட்டுக்காரர் அந்தப் பெரிய வீட்டில் பண்ணை வேலையில் இருந்தார். “எம் பேரு வேணாம்மா. ஒரு பொம்பளன்னு போட்டுக்க” என்றார். அஞ்சலை அவர் முதுகில் கை வைத்து, “அதுக்கு போட வேணாம். அதும் பாடு அதுக்கு” என்றார். யாரும் பச்சையம்மாவைக் குறை சொல்லவில்லை. நீங்கள் களத்துக்குப் போகும்போது இந்த இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மறைப்பதா காட்டுவதா என்பதை ஊருக்கெல்லாம் ஒரே அளவாக முடிவுசெய்ய நமக்கு உரிமை இல்லை. ஒவ்வொருவரையும் கேளுங்கள், கேட்டபடி செய்யுங்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் செல்லக்கிளி தன் பிரதியைப் புரட்டிக்கொண்டே வந்தாள். சங்கராபுரம் தாண்டியபிறகு, “மேடம், எங்கம்மாவையும் போடறேன். சின்னப்பொண்ணுன்னு. எனக்கு அம்மான்னும் போடறேன்” என்றாள். முதல் பிரதியில் அவர் பெயரே இல்லாமல் ‘ஒரு மலைப் பெண்’ என்று இருந்தார். அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போடு என்றேன். அன்றே கேட்டுவிட்டு வந்து சொன்னாள். போனில் அம்மா, “எழுதிக்க. உங்கப்பாகிட்ட நானே சொல்லிக்கறேன்” என்றாராம்.

வேறொரு கடையில் கொடுத்து அடித்து வாங்கினோம். முதல்வர் கேட்டார், “அந்தப் பேரெல்லாம் எடுத்தாச்சா மேடம்?” ஒன்று விடாமல் எடுத்தாச்சு சார் என்றேன். அதற்குப் பதிலாக என்ன வந்திருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. நானாகச் சொல்லவேண்டிய அவசியமும் எனக்குப் படவில்லை.

வைவா அன்று கரும்புக்காரர் நேரிலேயே வந்துவிட்டார், சொன்னபடி செய்தோமா என்று பார்க்க. கொஞ்ச நேரத்தில் அஞ்சலையும் மற்ற இருவரும் உள்ளே வந்தார்கள். செல்லக்கிளி அழைத்திருந்தாள். துறைத்தலைவர் என்னைப் பார்த்த பார்வையில் என்னைப் பஸ்பமாக்கியிருக்கலாம்.

அவள் மேடையில் நின்று அஞ்சலை சொன்னது, காத்தாயி சொன்னது, முனியம்மா சொன்னது என்று ஒவ்வொன்றாக வாசித்தாள். கரும்புக்காரர் கையிலிருந்த பிரதியைப் புரட்டினார், மறுபடியும் முன்னாலிருந்து புரட்டினார். அவர் வீட்டுப் பெயர் ஒன்றுகூட இல்லை. எதைக் காட்டிச் சண்டை போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. தேர்வாளர் கண்டிப்பானவர். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

“சொந்தத் தாயையே தகவலாளரா வச்சிருக்கீங்க. இதுல நடுநிலை எங்கம்மா இருக்கு?”

அந்த ஒரு கேள்வியில் அவளை உட்காரவைத்துவிடலாம்.

“ரெண்டு பக்கமும் கேட்டிருக்கேன் சார்” என்றாள் செல்லக்கிளி. “வேலை போனவங்களையும் கேட்டேன், வேலைக்கு வந்தவங்களையும் கேட்டேன். வந்தவங்க எங்கம்மாவா இருந்தா நான் என்ன சார் பண்றது? ஊத்துனவங்களையும் கேக்கப் போனேன். கதவத் திறக்கல. அதையும் எழுதியிருக்கேன். இப்ப அவங்க இங்கயே இருக்காங்க. சொல்றதா இருந்தா இப்பவும் எழுதிக்கறேன்.”

எல்லாரும் கரும்புக்காரரைப் பார்த்தார்கள். அவர் பிரதியை மூடி மடியில் வைத்துக்கொண்டார். தேர்வாளர் அவருக்காகக் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு மதிப்பெண் போட்டார். அவள் தேறினாள், நல்லபடியாகவே தேறினாள். அந்த ஆய்வேடு கல்லூரி நூலகத்தில் இருக்கிறது. கோயில்களுக்கு நடுவில் தேடினால் கிடைக்கும்.

வெளியே வராண்டாவில் கரும்புக்காரர் அஞ்சலையை வழிமறித்தார். நான் பின்னாலேயே வந்தேன்.

“அடுத்த மாசம் வெட்டுக்கு வரணும்ல நீ?”

“வருவேங்க. நீங்கதான ஆள் அனுப்புவீங்க.” அஞ்சலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவரை நேராகப் பார்த்தார். “இத்தினி வருசமா ஏய் காலனின்னுதான் கூப்ட்டுக்கினு இருந்தீங்க. என் பேருதான் இப்ப தெரிஞ்சிக்கினீங்களே. இனிமே பேர் சொல்லிக் கூப்புடுங்க. வரேன்.”